லாட்டரி உரிமம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனில் 1994 முதல் 2024 தொடக்கம் வரை கேம்லாட் என்ற ஒரே நிறுவனம்தான் தேசிய லாட்டரியை நடத்தியது என்று வாசித்தேன். நடுவே 2000லும் 2007லும் போட்டி நடந்தும் அவர்களுக்கே கிடைத்திருக்கிறது. எல்லாம் முன்பே பேசிவைத்ததுதானே? யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு என்று ஏலம் விட்டால் இந்தச் சந்தேகமே எழாதே?

ர.

அன்புள்ள ர.,

பேசிவைத்தது என்று நான் எண்ணவில்லை. வெளியாள் வெல்வதே அரிது என்னும்படி களம் அமைந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். கடைகளில் சீட்டு விற்கும் இயந்திரங்களான டெர்மினல்கள், மையக் கணினி, இணையத்தில் விளையாடுபவர்களின் கணக்குகள், கடைக்காரர்களுடனான ஒப்பந்தங்கள் எல்லாம் நடத்திக்கொண்டிருப்பவர் கையில் இருக்கின்றன. முதல் பரிசு சேர்ந்துகொண்டே போனால் விற்பனை எந்தப் புள்ளியில் எகிறும் என்ற கணக்கும் அவரிடம்தான். புதிதாக வருபவர் இதையெல்லாம் வெளியிலிருந்து ஊகித்துப் பத்தாண்டு விற்பனையைக் கணிக்கவேண்டும். தோற்றால் விண்ணப்பத்துக்குக் கொட்டிய பணம் திரும்பாது. ஆகவே பலர் வருவதே இல்லை.

ஏலம் இதைத் தீர்ப்பதில்லை. இத்தாலி, எண்களைத் தேர்ந்தெடுத்து ஆடும் லாட்டரியான லோட்டோவின் உரிமத்தை ஏலம்தான் விடுகிறது. 2016ல் வந்தது ஒரே ஒரு கூட்டணி, ஒன்பதாண்டுகளுக்கு 770 மில்லியன் யூரோவுக்கு எடுத்தது. 2025ல் எதிர்த்துக் கேட்க ஆள் இருந்தபோது அதே ஒன்பதாண்டு உரிமம் 2.23 பில்லியனுக்குப் போயிற்று. விலையை ஏற்றுவது போட்டியாளர். ஏலம் என்ற முறை மட்டும் அவரைக் கொண்டுவந்துவிடாது.

உரிமத்துக்காக அரசுக்குக் கொடுக்கும் இந்த முன்பணத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அயர்லாந்து 20 ஆண்டு உரிமத்தை 405 மில்லியன் யூரோவுக்குக் கொடுத்தது. புதிய நிறுவனம் 2014 நவம்பர் இறுதியில் பொறுப்பேற்றது. மறு ஆண்டே அங்குள்ள லோட்டோவில் தேர்ந்தெடுப்பதற்கான எண்கள் 45லிருந்து 47 ஆயின. முதல் பரிசுக்கான வாய்ப்பு ஏறக்குறைய 81 லட்சத்தில் ஒன்று என்பதிலிருந்து 107 லட்சத்தில் ஒன்றாகச் சுருங்கியது. ஒருமுறை எண்களைத் தேர்ந்து ஆடும் ஒரு வரிசையின் விலையும் ஏறியது. முன்பணம் பெரிதாக ஆக, அதைத் திரும்ப எடுக்கும் அழுத்தம் விளையாடுபவர் மேல்தான் விழும் என்பது என் கணிப்பு. பிரிட்டன் முன்பணம் கேட்பதில்லை, பொதுநலப் பணிகளுக்கு எவ்வளவு சேரும் என்று பார்க்கிறது. அதில் வேறொரு ஆபத்து: வாக்குறுதி வெறும் கணிப்புதான். விற்பனை வராவிட்டால் அந்தப் பணமும் வராது. மதிப்பிடுபவர்கள் ஒவ்வொரு கணிப்பையும் அது நிறைவேறும் சாத்தியத்தைப் பொறுத்துக் குறைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது, வழக்குக்கு இடம் தருவது அந்த மதிப்பீடு.

ஆனால் பிரிட்டனில் 2000ல் வழக்கு வந்தது நடைமுறைப் பிழையால். உரிமம் வழங்கும் லாட்டரி ஆணையம் வந்த இரண்டு விண்ணப்பங்களையும் ஏற்கவில்லை, ஆனால் கேம்லாட்டுக்கு எதிராகப் போட்டியிட்ட தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சனின் தரப்புக்கு மட்டும் குறைகளைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தந்தது. கேம்லாட் நீதிமன்றம் சென்று வென்றது. ஆணையத் தலைவர் பதவி விலகினார், டிசம்பரில் உரிமம் கேம்லாட்டுக்கே சென்றது. இழந்த மாதங்களை ஈடுகட்ட, 2001 செப்டம்பரில் முடியவேண்டிய பழைய ஏற்பாட்டை 2002 ஜனவரி வரை இடைக்கால உரிமத்தால் இழுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2007ல் அமைச்சர் கொடுத்த உரிமத்தை நீதிமன்றம் ரத்துசெய்தபோது அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அக்டோபர் வரை ஏறத்தாழ அரை வருடம் குலுக்கலே நடக்கவில்லை. அந்த மாதங்களில் பொதுநலப் பணிகளுக்குச் சேர்ந்திருக்கவேண்டிய பணம் போனது போனதுதான்.

போட்டியே இல்லாமல் புதுப்பிக்கலாமா என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010ல் நெதர்லாந்து வழக்கில் வரம்பு வகுத்திருக்கிறது: அரசே நேரடியாக மேற்பார்வையிடும் பொது அமைப்பு, அல்லது கடுமையான அரசுக் கட்டுப்பாட்டில் இயங்கும் தனியார் என்றால் மட்டுமே வெளிப்படையான போட்டியிலிருந்து விலக்கு. புதுப்பித்தலுக்கும் இதே விதிதான்.

இனி பிரிட்டனின் 2022 போட்டி. மார்ச்சில் கேம்லாட்டுக்குப் பதிலாக ஆல்வின் என்ற நிறுவனம் தேர்வானது. பொறுப்பேற்றது 2024 பிப்ரவரி 1 அன்று. இடையில் கேம்லாட் வழக்குத் தொடுத்து, பின்பு கைவிட்டது. ஆல்வினின் தாய் நிறுவனமோ கேம்லாட்டையே விலைகொடுத்து வாங்கிவிட்டது. அப்படியும் பழைய கணினி அமைப்பை விட்டுப் புதியதற்கு மாற 2025 ஆகஸ்ட் ஆயிற்று, அதற்காக விற்பனையை ஒன்றரை நாள் நிறுத்தினார்கள். போட்டியில் வென்றவரே தோற்றவரை வாங்கவேண்டியிருந்தது என்றால், கைமாற்றம் எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

எனவே ஓர் உரிமத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது விலகல் விதிகளை. விற்பனைத் தரவு எல்லா விண்ணப்பதாரருக்கும் எப்போது திறக்கப்படும், டெர்மினல்கள் எந்த மதிப்பில் கைமாறும், ஊழியர்கள் யாரிடம் போவார்கள், லாட்டரியின் பெயரும் வாடிக்கையாளர் கணக்குகளும் யாருடையவை, கைமாற்றம் தாமதித்தால் அபராதம் யாருக்கு. இவை உரிமம் கொடுக்கும் நாளிலேயே எழுதப்படவேண்டும். பத்தாண்டு கழித்துக் கேட்டால், கொடுக்கவேண்டிய எந்தக் கட்டாயமும் பழைய நிறுவனத்துக்கு இருக்காது.