பேட்ச் ஏறவில்லை என்று பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். லினக்ஸ் கர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு நெட்வொர்க் டிரைவரின் கோடில் இடைவெளி, அடைப்புக்குறி எல்லாம் தாறுமாறாக இருந்தன. அவற்றைச் சீர்செய்து பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பினேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. அதே கோடில், டிவைஸைத் துவக்கும்போது பிழை வந்தால் வாங்கிய மெமரியை விடுவிக்காமலே வெளியேறுவதுபோலத் தெரிந்தது. புதியவன் என்பதால் அதைத் தொடவில்லை. ஒரு பயிற்சி மையத்தார், "கர்னலின் பகுதிகளைப் பராமரிக்கும் மெயின்டெயினர்களைத் தெரியும், பதினெட்டாயிரம் கட்டுங்கள், உங்கள் பெயரிலேயே ஏற்றித் தருகிறோம், ஆதார் நகல் வேண்டும்" என்கிறார்கள். கட்டலாமா? இல்லை, லினக்ஸை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸுக்கே அனுப்பிப் பார்க்கலாமா?

பதில்: கட்டாதீர்கள். லீனஸுக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் பேட்ச் எங்கே நிற்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கர்னலுக்கு பேட்ச் இன்றைக்கும் மின்னஞ்சலில்தான் போகிறது. கிட்ஹப்பில் பட்டனை அழுத்திப் பழகியவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பியிருந்தால் அது எச்டிஎம்எல்லாகப் போயிருக்கும், சர்வர் வாசலிலேயே தள்ளிவிட்டிருக்கும். அதைத் தாண்டிப் போனாலும் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி பேட்ச் பொருந்தாமல் போகும். 'கிட் சென்ட்-இமெயில்' கட்டளையால் அனுப்புவதே சரி. கர்னல் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் 'லோர்' காப்பகத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அஞ்சல் பட்டியலுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இருந்தால், நெட்வொர்க் பிரிவின் 'பேட்ச்வொர்க்' பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் எதிரே அதன் நிலை போட்டிருக்கும். 'அண்டர் ரிவ்யூ' என்றால் பொறுங்கள். 'சேஞ்சஸ் ரிக்வெஸ்டட்' என்றால் யாரோ திருத்தம் கேட்டிருக்கிறார்கள், உங்கள் கண்ணில் படவில்லை. ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். 'டிஃபர்டு' என்றிருந்தால் கடை மூடியிருந்த நேரத்தில் போயிருக்கிறீர்கள். ஒரு கர்னல் வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு ஒன்பது பத்து வாரம் ஆகும். அதில் முதல் இரண்டு வாரம் 'மெர்ஜ் விண்டோ', அதாவது பிரிவுகள் சேர்த்து வைத்ததை லீனஸ் எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த நாட்களில் நெட்வொர்க் பிரிவு புது வேலைகளை வாங்குவதில்லை. வந்ததை எடுத்து வைத்திருந்து பிறகு பார்ப்பதும் கிடையாது. திறந்த பிறகு நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.

இதில் எனக்கு எரிச்சலான விஷயம் ஒன்று. கர்னலின் பொது வழிகாட்டி இரண்டு மூன்று வாரத்தில் பதில் வரும் என்கிறது. நெட்வொர்க் பிரிவின் தனி வழிகாட்டியோ, பெரும்பாலும் இரண்டு நாளில் பார்த்துவிடுவோம், ஒரு வாரம் சத்தமில்லாமல் போனால் அதற்குமேல் எதுவும் வராது என்கிற தொனியில் பேசுகிறது. புதிதாக வருகிறவர் எதைப் படிப்பார்? பொது வழிகாட்டியைத்தான். அதை நம்பிக் காத்திருப்பார். அந்த இடைவெளியில்தான் பதினெட்டாயிரம் கேட்கும் ஆள் நுழைகிறார்.

"மெயின்டெயினரைத் தெரியும்" என்கிறார்களே, அவருடைய பெயரும் முகவரியும் கர்னலோடு வரும் 'மெயின்டெயினர்ஸ்' கோப்பிலேயே இருக்கின்றன, உலகத்துக்கே தெரியும். உங்கள் பேட்சை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை 'கெட்-மெயின்டெயினர்' ஸ்கிரிப்ட் ஒரே வரியில் சொல்லிவிடும். பணம் வாங்கி இவர்கள் செய்வது மூன்றே வேலை. கமென்டில் இருக்கும் எழுத்துப்பிழைகளைத் திருத்தி மொத்தமாக அனுப்புவார்கள். அல்லது, யாரோ எழுதிப் பாதியில் கைவிட்ட பேட்சைக் காப்பகத்தில் தோண்டியெடுத்து உங்கள் பெயரை ஒட்டுவார்கள். அல்லது, நாலைந்து போலி முகவரிகளிலிருந்து 'ரிவ்யூட்-பை' (பார்த்தேன்), 'டெஸ்டட்-பை' (சோதித்தேன்) என்று சான்று போடுவார்கள்.

மூன்றாவதுதான் பெரிய வம்பு. எக்ஸ்இசட் என்ற கம்ப்ரெஷன் மென்பொருளை ஏறக்குறைய ஒரே ஆள் பராமரித்துக் களைத்துப் போயிருந்தார். முன்பின் தெரியாத கணக்குகள் வந்து "ஏன் இவ்வளவு தாமதம்" என்று அவரை நெருக்கின. உதவிக்கு வந்ததுபோல் வந்த ஒருவர் கையில் பொறுப்பு போய், உள்ளே திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைக்கப்பட்டது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் கொஞ்சம் மெதுவானதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு, அறிமுகமில்லாத நாலு பேர் ஒரே பேட்சுக்கு ஆஹா போட்டால் மெயின்டெயினருக்குச் சந்தேகம்தான் வரும். 2021-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக்கென்று வேண்டுமென்றே பிழையுள்ள பேட்ச் அனுப்பிய விவகாரம் வெடித்தபோது, கர்னலின் மூத்த மெயின்டெயினர் கிரெக் க்ரோஹ்-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வரும் எதையும் ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து முன்பு வந்த பேட்ச்களையும் தோண்டிப் பார்த்தார்கள். சம்பந்தமே இல்லாத மாணவர்களும் அதில் மாட்டினார்கள். அந்தப் பயிற்சி மையத்தின் முகவரியோடு உங்கள் பெயர் சேர்ந்தால் உங்களுக்கும் அதே கதி வரலாம்.

பேட்சின் அடியில் வரும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். தன் கோடை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-ல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்ட பிறகு, 2004-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. "இது நான் எழுதியது, அல்லது இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு" என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். வேறொருவர் எழுதியதை நான் எழுதினேன் என்று காட்டி அந்த வரியைப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. இன்னொன்று: ஐ.டி. நிறுவனத்தில் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதும் கோட் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஆதார் நகல் எதற்கு? "பெயர் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும், அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட வேண்டும்" என்று நம் ஊர்ப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. முன்பு புனைபெயர் கூடாது என்று இருந்ததையும் 2023-ல் தளர்த்தி, ஆள் யாரென்று தெரிந்தால் போதும், அநாமதேயமாக மட்டும் வராதீர்கள் என்று மாற்றிவிட்டார்கள். இனிஷியலும் பெயரும் போதும். நகலைக் கொடுக்காதீர்கள். கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கர்னல் அறிமுகப் பாடத்தை இலவசமாகவே தருகிறது. அவர்களுடைய மென்டர்ஷிப் திட்டங்கள் சிலவற்றில் உதவித்தொகையும் கிடைக்கிறது.

லீனஸ் விஷயம்: ஒவ்வொரு பிரிவின் மெயின்டெயினரும் சேர்த்து அனுப்புவதைத்தான் அவர் எடுக்கிறார். உங்கள் பேட்சை அவருக்கு அனுப்பினால் கவனிக்காமல் விடுவார்.

இனி பேட்சுக்கு வருவோம். சொல்ல வருத்தம்தான், அதை மறுபடி அனுப்ப வேண்டாம். வேறு வேலை எதுவும் செய்யாமல் இடைவெளியை மட்டும் சரிசெய்யும் பேட்ச்களை நெட்வொர்க் பிரிவு விரும்புவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர் நேரம் போகும், பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோகும்போது இடிக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: 'டிரைவர்ஸ்' அடைவுக்குள் இருக்கும் 'ஸ்டேஜிங்'. தரம் போதாத டிரைவர்களை வைத்து ஒழுங்குபடுத்தும் இடம் அது. அங்கே, கோடின் நடையைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட் சொல்லும் குறைகளைக் களைந்து அனுப்பலாம், கையைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம். அங்கேயும் ஒரு பேட்சில் ஒரு வகை மாற்றம்தான். இடைவெளி தனி, அடைப்புக்குறி தனி. பத்து வகையை ஒன்றாகத் திணித்தால் திரும்பி வரும். செக்பேட்ச் சொல்வதையெல்லாம் கண்மூடிச் செய்தாலும் திரும்பி வரும், அது வெறும் ஸ்கிரிப்ட். ஸ்டேஜிங்கில் ஏறியதே என்று அதே வேலையை வேறு பிரிவில் போய்க் காட்டாதீர்கள். நெட்வொர்க் பிரிவுக்கு நீங்கள் அனுப்பியதும் அந்த மாதிரி வேலைதான்.

நீங்கள் தொடாமல் விட்டீர்களே ஒரு மெமரி கசிவு, அதுதான் அனுப்ப வேண்டிய பேட்ச். அதற்கு முன் ஒன்று பாருங்கள். அந்த மெமரியை வாங்கிய ஃபங்ஷனின் பெயர் 'டெவ்எம்' என்று தொடங்குகிறதா? தொடங்கினால் துவக்கம் தோற்கும்போது கர்னலே அதை விடுவித்துவிடும், கசிவே இல்லை. இதைப் பார்க்காமல் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். உண்மையிலேயே கசிவுதான் என்றால், 'கிட் பிளேம்' போட்டு அந்தப் பிழை எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள். அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் 'ஃபிக்சஸ்' வரியில் போடுங்கள். தலைப்பில் 'பேட்ச் நெட்' என்று குறியுங்கள், புது வேலைகளுக்கான 'நெட்-நெக்ஸ்ட்' வேண்டாம். பிழைதிருத்தம் போகும் வாசல் மெர்ஜ் விண்டோவிலும் திறந்திருக்கும். இடைவெளித் திருத்தம் ஒன்றைக்கூட இதற்குள் சேர்க்காதீர்கள்.

மறுப்போ கேள்வியோ வந்தால் அந்தச் சூட்டிலேயே இரண்டாம் வடிவத்தை அனுப்பிவிடாதீர்கள். 24 மணி நேரம் விட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. அதற்குள் இன்னொருவர் வேறு குறை சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகத் திருத்தி, என்ன மாற்றினீர்கள் என்பதை மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதி அனுப்புங்கள்.