எலும்பா, வீச்சுவலையா?

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். நுண்புன்குழாய்கள், அதாவது கலத்துக்குள் இருக்கும் மிக நுண்ணிய குழாய்கள், கலத்தின் வன்கூடு என்று படித்தோம். அடுத்த பாடத்திலேயே, கலம் பிரியும்போது அவை கழன்று, கலத்தை இரண்டாகப் பிரிக்க உதவும் கதிர் என்ற அமைப்பாக மாறும் என்கிறார்கள். எலும்பு எப்படிக் கழலும்? அதோடு, கார்த்திகைக் கிழங்கின் நஞ்சு இந்தக் குழாய்களைத்தான் தாக்குமாம். அம்மம்மா அந்தக் கொடியைத் தொடவே விடமாட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

- ஒரு மாணவி

அன்புள்ள மகள்,

முதலில் அம்மம்மா சொல்வதைக் கேளுங்கள். சாப்பிடும் கிழங்கென்று நினைத்து அதை அவித்துத் தின்று உயிருக்குப் போராடியவர்கள் நம் நாட்டில் உண்டு. பிழைத்தாலும் தலைமயிர் கொட்டிப்போகும். மயிர்வேரில் உள்ள கலங்கள் ஓயாமல் பிரிபவை. அந்தப் பிரிவைத்தான் கிழங்கிலுள்ள கொல்ச்சிசின் நிறுத்துகிறது. 1967இல் போரிசி, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இந்த நஞ்சு கலத்தில் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடித்தான், பிறகு தியூபுலின் என்று பெயர் பெற்ற புரதத்தைப் பிடித்தார்கள். குழாய்க்கு அதுவே செங்கல். வழக்கமாக 13 வரிசை சேர்ந்து 25 நானோமீற்றர் தடிப்பில் ஒரு குழாய்.

வன்கூடு என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி முக்கியம். ஆனால் மனதில் எலும்பை வைக்காதீர்கள். கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை வீசுபவரைப் பாருங்கள். வீசுவார், வெறும் வலையை இழுப்பார், ஒரு அடி தள்ளி நின்று மறுபடி வீசுவார். குழாயும் அப்படித்தான். முனையில் செங்கல் சேரச் சேர நீளும், திடீரென்று பொலபொலவென உதிர்ந்து குறுகும், மறுபடி நீளும். மிச்சிசனும் கிர்ஷ்னரும் இதை 1984இல் எழுதினார்கள். பிரியும் கலத்தில் பல குழாய்கள் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. மரபுத் தகவலைச் சுமக்கும் நிறமூர்த்தத்தில் முனை மாட்டிய குழாய் மட்டும் கொஞ்சம் நிலைக்கும். மீன் பட்ட வலை மாதிரி.

சரி, உதிர்வது கேடுதானே, அதை நிறுத்தினால் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். யூ மரப்பட்டையில் கிடைத்த பக்லிடக்செல் அதைத்தான் செய்கிறது. கொல்ச்சிசின் குழாயைக் கட்டவிடாது, இது கட்டிய குழாயை உதிரவிடாது. இரண்டிலும் பிரிவு நின்றுபோகிறது. கட்டுவதும் கலைவதும் சேர்ந்ததுதான் குழாயின் வேலை. நம் மணல் வளவுகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் கொல்ச்சிசினின் கட்சி. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது.

என் மாமிக்கு மார்புப் புற்றுநோய்க்குப் பக்லிடக்செல் ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, விரல் நுனிகள் மரத்துவிட்டன. நரம்புக் கலம் பிரிவதில்லையே, அதற்கு ஏன் அடி? அங்கே இந்தக் குழாய்கள் தண்டவாளம். கைனசின் என்ற புரதம் 8 நானோமீற்றர் காலடிகளாக எடுத்து வைத்து அதன்மேல் சரக்குச் சுமக்கிறது. முதுகடியிலிருந்து கால்விரல் வரை ஒரு மீற்றருக்கு விரைவுச் சரக்கே போய்ச்சேர இரண்டு மூன்று நாளாகும். வழி கெட்டால் கடைசியில் இருக்கும் விரல்களுக்குத்தான் முதலில் தெரியும். மாமி இன்றைக்கும் சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் பூட்டுகிறார்.