லெவிக்கு ஓட்டுப் போடும் முன்: வாஷிங்டன் மாநில நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பிப்ரவரித் தேர்தலுக்கான ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சியாட்டிலைச் சுற்றி இருபது வருஷமாக இருக்கிறேன். பள்ளி லெவிக்காக (மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளும் தனிச் சொத்து வரி) பெற்றோர் குழுவில் சேர்ந்து கடிதம் மடித்து, வீடு வீடாக ஏறி இறங்கியவன். வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

அண்ணா, போன வருஷம்தான் வீடு வாங்கினோம். சொத்து வரிதான் ஏற்கெனவே கட்டுகிறோமே, அதற்குமேல் லெவி என்று எதற்கு ஓட்டு? (பாத்தெல்)

முதலில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வலைத்தளத்தில் உங்கள் வரி விவரத்தைத் திறந்து பாருங்கள். ஏப்ரல் 30க்கும் அக்டோபர் 31க்கும் வங்கியே எஸ்க்ரோவிலிருந்து (வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கென்று பிடித்து வைக்கும் கணக்கு) கட்டிவிடுவதால் நம் ஆட்கள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. மாநிலப் பள்ளி வரி, கவுண்டி, நகரம், நூலகம், துறைமுகம், தீயணைப்பு, உங்கள் பள்ளி மாவட்டம் என்று வரிசையாக இருக்கும். நீங்கள் கட்டுவது ஒரே வரி இல்லை. ஒரு டஜன் பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வரி.

இவர்களில் பலர் தங்கள் மொத்த வசூலை வருஷத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் தாமாக உயர்த்த முடியாது. (புதுக் கட்டடங்களிலிருந்து வருவது தனி.) அதற்கு மேல் வேண்டுமென்றால் நம்மிடம் வந்து கேட்க வேண்டும். பள்ளி லெவி இன்னும் கறார். அதிகபட்சம் 4 வருஷம். கணினி, கட்டடப் பராமரிப்பு போன்றவற்றுக்கானது 6 வருஷம். முடிந்ததும் மறுபடி கை நீட்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டு மதிப்பு 25 சதவீதம் ஏறிவிட்டது என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது. லெவி ஜெயித்தால் வரியும் 25 சதவீதம் ஏறுமா? (சமாமிஷ்)

ஏறாது. அடிக்கடி கேட்கப்படும் கேள்வி என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் மொத்தச் செலவு எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள், பிறகு வீடுகளுக்குப் பிரிப்பார்கள். இங்கே பள்ளி லெவியும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் வீட்டு மதிப்புக்குத் தகுந்தபடி பிரிக்கிறார்கள்.

கணக்காகப் பார்ப்போம் (எண்கள் உதாரணத்துக்கு). பள்ளி மாவட்டம் வருஷத்துக்கு 5 கோடி டாலர் கேட்கிறது. மாவட்டத்திலுள்ள எல்லாச் சொத்துகளின் மதிப்பு 10,000 கோடி டாலர். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 50 சென்ட் விழும். உங்கள் வீடு 10 லட்சம் என்றால் 500 டாலர். அடுத்த வருஷம் ஊர் முழுக்க 25 சதவீதம் ஏறி மொத்தம் 12,500 கோடி ஆகிறது. கேட்ட தொகை அதே 5 கோடிதான். வீதம் 40 சென்டுக்கு இறங்கும். உங்கள் வீடு இப்போது 12.5 லட்சம்; வரி அதே 500.

பக்கத்து வீடுகளைவிட உங்கள் வீடு மட்டும் அதிகம் ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும். அதனால் ஓட்டுச்சீட்டில் வருஷவாரியாகப் போட்டிருக்கும் மொத்த டாலர் தொகையைப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் வீதம் வெறும் மதிப்பீடு. வீதம் குறைகிறது என்று துண்டுப் பிரசுரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள், தொகை ஏறியிருக்கும்.

பள்ளிச் செலவு முழுக்க மாநிலத்தின் பொறுப்பு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, 2018இல் வரியும் ஏற்றினார்கள். இன்னும் எதற்கு லெவி? (ரென்டன்)

நியாயமான கோபம். 2012இல் மெக்கிளியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், அரசு தன் அரசியலமைப்புக் கடமையைச் செய்யவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அரசு இழுத்தடித்தது. 2014இல் நீதிமன்ற அவமதிப்பு, 2015இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். கடைசியில் 2017இல் சட்டமன்றம் மாநிலப் பள்ளி வரியை ஏற்றி, உள்ளூர் லெவிக்கு உச்சவரம்பு வைத்தது. ஏற்றம் 2018இலேயே வந்தது. உச்சவரம்பு 2019இல்தான் வந்தது. அந்த நடு வருஷத்தில்தான் உங்கள் பில் அப்படி எகிறியது.

மாநிலம் கொடுப்பது "அடிப்படைக் கல்வி"க்கு. அடிப்படை எது என்பதை எழுதுவதும் மாநிலம்தான்! அவர்கள் சூத்திரப்படி வரும் நர்ஸ், மாணவர் ஆலோசகர் எண்ணிக்கை எந்தப் பள்ளிக்கும் காணாது. விளையாட்டு, இசை, சிறப்புக் கல்வியில் விழும் துண்டு எல்லாம் லெவியிலிருந்துதான் ஓடுகிறது. மாநிலம் இதை முழுதாக ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் கோபத்தை உள்ளூர் லெவிமேல் காட்டினால் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவுக்கு உறைக்காது, உங்கள் பிள்ளையின் பள்ளிக்குத்தான் உறைக்கும்.

லெவி, பாண்டு என்ன வித்தியாசம்? (பெல்வியூ)

லெவி பெரும்பாலும் படிப்புக்கு, பாண்டு கட்டடத்துக்கு. லெவிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். 2007 நவம்பரில் அரசியலமைப்பைத் திருத்தும்வரை அதற்கும் 60 சதவீதம் வேண்டியிருந்தது. பாண்டு என்பது கடன், அதற்கு இன்றும் 60 சதவீதம். 58 வாங்கினாலும் தோல்விதான்.

நெஞ்சுவலி என்று 911க்குக் கூப்பிட்டால் ஏன் ஃபயர் இன்ஜின் வருகிறது? இதற்குமா நாம் வரி கட்டுகிறோம்? (கென்ட்)

இதற்குத்தான். என் மாமியார் சமையலறையில் மயங்கி விழுந்தபோது முதலில் உள்ளே வந்தது தீயணைப்பு வீரர்கள். பூட்ஸோடு வந்து, தரையில் மண்டியிட்டு, அவர் சேலைத் தலைப்பை மெல்ல விலக்கி ஈசிஜி ஒட்டினார்கள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர்தான் அணைத்தார். நிலையங்கள் ஊரெங்கும் இருப்பதால் அவர்கள் முதலில் வந்துவிடுவார்கள், நிலைமை மோசம் என்றால் பாராமெடிக் பின்னாலேயே வருவார்கள். 1970இல் சியாட்டிலில் ஹார்பர்வியூ மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து தொடங்கிய மெடிக் ஒன் ஏற்பாடு இது.

சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் இதற்கென்றே தனி லெவி. 2025 நவம்பரில் மக்கள் புதுப்பித்தார்கள்: 2026 முதல் 2031 வரை, தொடக்க வீதம் ஆயிரத்துக்கு 25 சென்ட். 10 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 250 டாலர். லெவி கட்டுகிறோம், ஆம்புலன்ஸ் இலவசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தனியார் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனால் பில் தனியாக வரும்.

போன தடவை ஃபயருக்கு ஆயிரம் டாலர் மதிப்புக்கு 1.50 டாலர் என்று ஓட்டுப் போட்டோம். மறுபடி அதே 1.50 கேட்கிறார்களே?

அந்த 1 சதவீத வரம்புதான் காரணம். வீட்டு விலை ஓடுகிறது, வசூல் நொண்டுகிறது, வீதம் தானாகவே 1.10, 1.00 என்று தேய்ந்துவிடுகிறது. அதைப் பழைய இடத்துக்கு ஏற்றத்தான் கேட்கிறார்கள். சேவை பழையதுதான், ஆனால் உங்கள் பில் நிஜமாகவே ஏறும்.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன், பத்து வருஷமாக வரி கட்டுகிறேன். உள்ளூர் தேர்தல்தானே, ஓட்டுப் போடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த மாநிலத்தில் எந்தத் தேர்தலுக்கும் குடியுரிமை வேண்டும். லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் ஓட்டர் பதிவு பற்றிக் கேட்டால்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறிப் பதிவாகிவிட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி. ஆனால் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.

நாங்கள் வாடகை வீடு. எங்களுக்கு இதில் என்ன?

குடியுரிமை இருந்தால் வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே ஒரு ஓட்டு. வேறு ஊரில் நாலு வீடு வாடகைக்கு விட்டிருப்பவருக்கு அங்கே ஒரு ஓட்டும் கிடையாது.

பள்ளி முதல்வரிடம் 'யெஸ்' போடவா என்று கேட்டேன், மழுப்பிவிட்டார்.

மழுப்பவில்லை அம்மா, சட்டம் அப்படி. பள்ளி நேரத்தில், பள்ளிச் செலவில் ஓட்டுக் கேட்கக் கூடாது. தகவல் மட்டும் சொல்லலாம். "இது புது வரி அல்ல" என்று வரும் நோட்டீஸும் அரை உண்மைதான். பழைய லெவி காலாவதியாகிறது. இது தோற்றால் உங்கள் பில் குறையும். அதைச் சொல்லிவிட்டே ஆதரவு கேட்கலாம் என்று எங்கள் குழுவில் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு 66 வயது, சிட்டிசன், வீடு அவர் பெயரில். சலுகை உண்டா?

61 வயதாகி, அந்த வீட்டிலேயே குடியிருந்து, வருமானம் கவுண்டி வரம்புக்குள் இருந்தால் உண்டு. பள்ளி லெவி, பாண்டு போன்ற கூடுதல் வரிகள் அவருக்கு விழாது. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

தபாலில் போட்டால் கணக்கில் வருமா?

ஸ்டாம்ப் வேண்டாம், ஆனால் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். கடைசி நாள் என்றால் இரவு 8 மணிக்குள் தேர்தல் துறையின் ஓட்டுப் பெட்டியில் போடுங்கள். உறையில் கையெழுத்து முக்கியம். ஒருமுறை ஏதோ நினைப்பில் தமிழில் போட்டுவிட்டேன். அவர்களிடம் இருந்தது லைசென்ஸில் போட்ட ஆங்கிலக் கையெழுத்து. ஒரு வாரம் கழித்து, "இது நீங்கள்தானா?" என்று படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் என் ஓட்டை எண்ணினார்கள்.