கொசு வேலைக்கா பட்டப்படிப்பு? உசிலம்பட்டி அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம். விலங்கியல் கடைசி வருஷம் படிக்கும் மகள் டெங்கு கண்காணிப்புப் பக்கம் போகிறேன் என்கிறாள், "புகை மருந்து அடிக்கவா படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் புகை அடிப்பது கடைசியில் நடப்பது. அவள் கேட்பது அதற்கு முன்னால் உள்ள வேலை.

காய்ச்சலோடு ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும்போது காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டு எழுத வேண்டும். முதல் 5 நாளுக்குள் என்றால் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 எலைசா சோதனை, அப்புறம் வந்தால் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனை. நாளைத் தப்பாக எழுதினால் டெங்கு இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். உறுதியானதும் விவரம் ஐஎச்ஐபி என்ற அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளத்தில் ஏறும். நோயாளியின் தெருவுக்கு ஆட்கள் போய், ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர், மூடாத சிமென்ட் தொட்டி எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவார்கள். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பதற்கு பிரட்டோ குறியீடு என்று பெயர். அதையும் காய்ச்சல் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பலாம் என்று சொல்லத்தான் படித்தவர்கள் வேண்டும்.

ஆக, மகளுக்குப் புள்ளியியல் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். பூச்சிக்குப் பயந்தவர்களைவிட எக்செல்லுக்குப் பயந்து விலகியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) விசிஆர்சி, அதாவது நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் 2 வருஷ எம்.எஸ்சி. நடத்துகிறது. அதன் களநிலையம் நம் மதுரை சின்னச் சொக்கிகுளத்திலேயே இருக்கிறது. நெல்வயல் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நெடுங்காலம் ஆராய்ந்த இடம். இந்த வருஷச் சேர்க்கை விதிகளை விசிஆர்சி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தம்பி இருந்து, அவன் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால், சுகாதார ஆய்வாளர் பயிற்சி தனி வழி. அந்த வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) ஆள் எடுக்கும்.

சம்பள விஷயத்தை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் திட்டப் பணிதான், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். சில வருஷம் அப்படித்தான் ஓடும். அதற்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் படிப்போ வேலையோ பாதியில் நிற்கும். அதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். கூடவே டிஎன்பிஎஸ்சி எழுதட்டும், தப்பில்லை.

வெயிலில் வீடு வீடாக அலைவாளா என்பதுதானே மிச்சக் கவலை? புழு பார்க்கப் போகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். விண்ணப்பம் போடும் முன், கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு ஒருநாள் அவர்களோடு போய் வரட்டும்.