தண்ணீர் முந்தும், சூடு பிந்தும்

அன்புள்ள ஐயா,

நிலத்தடி நீர் பற்றிய கட்டுரையில், "ஆற்று நீர் மணலுக்குள் இறங்கும்போது தன் சூட்டையும் கையோடு கொண்டுபோகிறது, சூடு வந்த இடத்துக்கு ஆறும் வந்துவிட்டது என்று பொருள்" என எழுதியிருந்தீர்கள். வெதுவெதுப்பான நீர் குளிர்ந்த மணலைத் தொட்டதுமே ஆறிப்போகாதா? அப்படியானால் நீர் வந்தும் சூடு வராமல் இருக்கலாமே? நீரே வராமல் சூடு மட்டும் வரவும் கூடுமா? பிறகு எதை நம்பி வெப்பநிலையை வைத்து நீரோட்டத்தை அளக்கிறார்கள்?

ச.

அன்புள்ள ச.,

மாட்டிக்கொண்டேன். வாசிக்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்த வரி அது. இரண்டு பாதியும் தவறு.

நீர் நிறைந்த மணல் ஒரு கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம் துளை, மீதி மணல். அதை ஒரு டிகிரி சூடாக்க, துளைகளில் உள்ள நீருக்கு ஏறக்குறைய 1.25 மெகாஜூல் வேண்டும், மணலுக்கு 1.4 மெகாஜூல். அதாவது பாதிக்கு மேல் மணல் வாங்கிக்கொள்கிறது. மணல் பொடிசு என்பதால் நீரும் அதுவும் சட்டென்று ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். ஆகவே முன்னால் ஓடும் நீர் வழியெங்கும் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறது. பின்னால் வரும் நீருக்குத்தான், ஏற்கெனவே சூடேறிய மணலைத் தாண்டிச் சூட்டைக் கொண்டுபோக முடிகிறது. கணக்குப் போட்டால் நீர் ஒரு மீட்டர் போகும்போது சூட்டின் முகப்பு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நகர்ந்திருக்கும். நீங்கள் சொன்ன 'ஆறிப்போவது' இதுதான். ஆனால் அந்தச் சூடு தொலையவில்லை, மணலில் தங்கியிருக்கிறது.

அடுத்து, நீரே வராமல் சூடு வருமா? தாராளமாக. ஒப்பிட, நீரில் கரைந்த உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீர் இருக்கும் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். சூட்டுக்கு மணலும் வழிதான். நீரை ஏறக்குறைய விடவே விடாத களிமண்ணையும் அது கடந்துவிடும். ஓட்டமே இல்லாத இடத்தில் உப்பு பரவுவதைவிடச் சூடு பரவுவது ஆயிரம் மடங்கு வேகம். நீரோட்டம் மிக மெதுவாக இருந்தால் இந்தக் கடத்தலே எல்லாவற்றையும் மூடிவிடும், வெப்பமானி எதையும் சொல்லாது.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நீரை விடும் திறனில் சரளைக்கும் களிமண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கோடி மடங்கைத் தாண்டும். சூட்டைக் கடத்துவதிலோ இரண்டு மூன்று மடங்குதான். அடியில் என்ன மண் என்று சரியாகத் தெரியாவிட்டாலும் சூட்டுக் கணக்கு பெரிதாகப் பிசகாது. நீர்மட்டத்தை மட்டும் வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுபவருக்கோ மண் நீரை விடும் திறன் தெரிந்தாக வேண்டும், இந்த வசதி கிடையாது.

1960இல் சுசுகி என்பவர் நெல்வயலில் நீர் இறங்கும் அளவை இப்படித்தான் மண்ணின் வெப்பநிலையிலிருந்து கணக்கிட்டார். 1965இல் ஸ்டால்மன் அதை மேலும் வளர்த்தார். அடிப்படை எளிது. பகலில் சூடேறி இரவில் ஆறும் ஆற்றின் ஏற்ற இறக்கம், நீர் அசையாத மணலில் அரை மீட்டருக்குள் அநேகமாக அடங்கிவிடும். நீர் கீழே இறங்கினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும். அடியிலிருந்து நீர் ஊறி வந்தால் மேலேயே செத்துவிடும். இரண்டு ஆழங்களில் வெப்பமானி வைத்து, ஏற்ற இறக்கம் எவ்வளவு சுருங்கியது, எத்தனை மணி நேரம் பிந்தியது என்று பார்த்தால் போதும்.

வருடச் சுழற்சிக்கும் இதே கதைதான், ஆழம் மட்டும் அதிகம். ஓட்டமில்லாத மணலில் ஒன்பது மீட்டர் ஆழத்துக்குக் கோடை போய்ச் சேரும்போது மேலே குளிர்காலம். குளிர்காலத்தில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆழத்தில் மிஞ்சுவது மேற்பரப்பு ஏற்ற இறக்கத்தில் 4 சதவீதம்தான், கைக்குத் தெரியாது. மாறியது காற்று, கிணறு அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். சூட்டிலிருந்து கிடைப்பது, ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நாளில் எவ்வளவு நீர் கடக்கிறது என்பதே. துளைக்குள் நீர் ஓடும் நிஜ வேகம் வேண்டுமென்றால் அதைத் துளையின் பங்கால் வகுக்க வேண்டும். கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.