ஏஞ்சல் மீன்கள் தாம் இட்ட முட்டைகளைத் தாமே தின்றுவிடுவது ஏன்?

மூன்று தடவை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை, தாயும் தகப்பனுமே தின்றுவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றுள் ஒன்று தகப்பன்தானா என்பதை முதலில் பாருங்கள்.

கிளிநொச்சியில் நான் வளர்த்த சோடி ஐந்து தடவை அப்படித்தான் செய்தது. மற்ற மீன்களை அண்டவிடாமல் விரட்டி, வடிகட்டிக் குழாயை வாயால் துப்புரவாக்கி, வரிசை வரிசையாக முட்டையிட்டு, செட்டையால் விசிறியபடி இரண்டும் காவல் நின்றன. மறுநாளே முட்டைகள் சுண்ணாம்பாய் வெளுக்கத் தொடங்கின, மூன்றாம் நாள் குழாய் வெறுமையாயிருந்தது. அது 2022, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்ட ஆண்டு. ஆகவே காற்று மோட்டார் நின்றதுதான் காரணமென்று முதலில் நம்பினேன். பின்னர் கிணற்று நீரைக் குறை கூறினேன். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு எங்கள் நீர் கடினமானது. மிகக் கடினமான நீரில் முட்டை கருக்கட்டுவது குறையும் என்பதும் உண்மையே. மாரி மழைநீரைப் பீப்பாவில் பிடித்துக் கலந்தேன். அப்போதும் வெளுத்தன.

ஐந்தாம் தடவை டோர்ச்சுடன் தொட்டியருகே இருந்துவிட்டேன். முட்டையிடும் வேளையில் வயிற்றின் கீழே சிறு குழல் ஒன்று வெளித்தெரியும். பெண்ணுக்கு அது தடித்து நுனி மழுங்கியும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். என்னுடைய இரண்டுக்கும் மழுங்கலாகவே இருந்தது. முதல் மீன் ஒரு வரிசை இட்டு விலக, விந்து பாய்ச்ச வருகிறதென்று நான் காத்திருந்த மற்றதும் பக்கத்திலேயே முட்டைகளை ஒட்டிச் சென்றது. கதை விடுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண்கள் சோடி சேர்வது ஏஞ்சல் வளர்ப்போர் நன்கறிந்த விடயம். சோடியென்று உறுதி கூறி விற்ற கடைக்காரர் மீது எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

அதைவிட, பிள்ளைதின்னி மீனை வீட்டில் வைத்திருக்காதே என்று உறவினர் ஒருவர் சொன்னதுதான் வலித்தது. கருக்கட்டாத முட்டை வெளுத்துச் செத்துவிடும். செத்த முட்டையில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்து முட்டைக்கும் பரவும்; அவை செய்தது துப்புரவு.

பிறகு ஆறு இளமீன்களை ஒன்றாக வளர்த்து, தாமாகச் சோடி சேர விட்டேன். 10 மாதங்கள் சென்றன. அந்தச் சோடி முதலிரு தடவையும் நல்ல முட்டைகளையே தின்றது. இளஞ்சோடிகளிடம் அது வழமை. மூன்றாம் தடவை, மூன்றாம் நாள் காலையில், குழாய் நெடுக மயிரிழை போன்ற வால்கள் துடித்தன.

உங்கள் மீன்களில் ஒன்றின் குழல் கூராக இருந்தால் இன்னும் சில தடவை பொறுத்திருங்கள். இரண்டும் மழுங்கலாயின், ஆண் மீனொன்றைத் தேடுங்கள்.