பேட்டரி நிலையம் வைக்க யாரிடம் அனுமதி? பினாங்கு கேள்வி பதில்

சிம்பாங் அம்பாட்: மூணு ஏக்கர் நிலம் இருக்கு. மின்சேமிப்பு நிலையத்துக்கு லீசுக்குக் கேட்கிறார் புரோக்கர். லைசென்ஸ் தன் பொறுப்பாம். கையெழுத்துப் போடலாமா அண்ணே?

பதில்: போடாதீங்க. முதல்ல கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை எடுத்துப் பாருங்க. லைசென்ஸ் கூட்டரசு விவகாரம். 1990 மின் விநியோகச் சட்டப்படி எரிசக்தி ஆணையம் தருவது. நிலமோ மாநிலத்தின் கையில். கிராண்டில் விவசாயம்னு இருந்தால் நில அலுவலகத்தில் வகை மாற்றக் கேட்டு, பிரீமியம் கட்டணும். அப்புறம் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் திட்ட அனுமதி, கட்டட பிளான், பொம்பா (தீயணைப்புத் துறை) ஒப்புதல். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது.

இன்னொரு விஷயம். தீபகற்பத்தில் பெரிய பேட்டரிக்கு ஆணையம் டெண்டர் விடுது. 400 மெகாவாட், 1,600 மெகாவாட்-மணி அளவுக்கு ஏலம் விட்டதே, அந்த மாதிரி. உங்க ஆள் எந்த டெண்டரில் நிற்கிறார்? பக்கத்து சப்ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு கேட்டாரா? கேட்கலைன்னா அவருக்குத் தொழில் தெரியாது.

பாயான் லெப்பாஸ்: கொண்டோ பால்கனியில் பேட்டரி வைக்கலாமா?

பதில்: மேனேஜ்மெண்டிடம் எழுதிக் கேளுங்க. ஒயரிங் பதிவு பெற்ற காண்டிராக்டர் கையால்தான். ஆன்லைனில் வாங்கிட்டு வந்து "மாட்டிக் கொடுங்கண்ணே"ன்னு நிற்காதீங்க.

ஆயர் ஈத்தாம்: பேட்டரி போட்டால் பில் எவ்வளவு குறையும்?

பதில்: மறுபடியுமா? இங்கே அனுமதி மட்டும்தான்.

பட்டர்வொர்த்: கலிபோர்னியா மாஸ் லேண்டிங்கில் பேட்டரி நிலையம் எரிஞ்சதே! எங்க தாமான் பக்கம் வேண்டவே வேண்டாம்.

பிறை: அது என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) ரக லித்தியம் பேட்டரி. இப்ப வருவது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகம், எரியாது.

பதில்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. 2025 ஜனவரியில் எரிந்தது பழைய டர்பைன் கட்டடத்துக்குள் அடுக்கி வைத்த 300 மெகாவாட் பேட்டரி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியதாச்சு. இன்று திறந்த வெளியில் இடைவெளி விட்டுத் தனித்தனிப் பெட்டிகளாக வைக்கிறாங்க. ஒன்று எரிந்தால் அடுத்ததுக்குத் தாவுவது கடினம். அதுக்காக எரியவே எரியாதுன்னு சொல்லாதீங்க தம்பி.

பிறை: தீயணைப்பு வாயு இருக்கே?

பதில்: 2019இல் தீப்பிடித்த அரிசோனா பேட்டரி நிலையத்திலும் இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் செல்கள் கக்கிய எரிவாயு உள்ளேயே தேங்கி நின்றது, வெளியேற வழியில்லை. வீரர்கள் கதவைத் திறந்தார்கள், சில நிமிஷத்தில் வெடித்தது. நாலு பேருக்குப் படுகாயம். பிளானில் நான் முதலில் தேடுவது வாயு வெளியேறும் வழியைத்தான்.

பிறை: அதுவும் என்எம்சிதானே!

பதில்: ஆமாம். எல்எஃப்பி சூடேறினாலும் ஹைட்ரஜன் வரும். வாயு நிறைந்த பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பட்டர்வொர்த்: கலிபோர்னியாவில் 200 மெகாவாட்-மணி அளவுக்கு மேல்னா நேரா மாநில எரிசக்தி ஆணையத்துக்கே போகலாமாமே?

பதில்: ஆமாம், அது 2022 சட்டம். கவுண்டியை, அதாவது உள்ளூர் நிர்வாகத்தைத் தாண்டிப் போகலாம். இங்கே நில அலுவலகத்தைத் தாண்ட முடியாது.

புக்கிட் மெர்தாஜாம்: எனக்கும் ரெண்டு ஏக்கர், அதே மாதிரி ஒரு புரோக்கர்...

பதில்: கிராண்ட்! மேலே முதல் பதிலைப் படிங்க.

தாவாவ்: சபாவிலும் இதே வழிதானா?

பதில்: இல்லை. 2024 ஜனவரியிலிருந்து அங்கே சபா எரிசக்தி ஆணையம். அவங்களிடம் கேளுங்க.